மென்மனப் பிள்ளைகளுக்கு ஐந்து விலங்குச் சீட்டுகள்: கம்பத்துப் படிப்பகத்தில் செய்து பார்த்த முழு வழிமுறை

தனக்கு என்ன ஆகிறது என்று வாயால் சொல்ல முடியாத பிள்ளை, ஒரு விலங்குப் படச் சீட்டை மேசை மீது வைத்துக் காட்டும் முறை இது. முதல்முறை இதைச் செய்தபோது நான் தலைகீழாகத் தொடங்கினேன். படம் வரைந்து, பெயர் எழுதி, யார் எந்த விலங்கு என்று பிரித்து ஒரே மாலையில் வேலையை முடித்துவிட்டேன். ஒரே வாரத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர் விழுந்தது. தெருக்குழாயடி வரை அது அவனைத் துரத்தியது.

தேனி மாவட்டத்தில், கேரள எல்லையோரம் உள்ள கம்பம் என்ற ஊரில் நான் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 22 பிள்ளைகள். பக்கத்து ஊர்களில் இதைச் செய்யப் புறப்பட்ட நான்கைந்து பேரும் நான் விழுந்த அதே இடத்தில்தான் விழுந்தார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். சீட்டு வருவது ஆறாம் படியில்தான். அதற்கு முன் உள்ள ஐந்தும் சலிப்பான வேலைதான், ஆனால் பலன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

1. எந்தப் பிள்ளைக்காக என்று தெளிவாகுங்கள்

மென்மனப் பிள்ளை, அதாவது நுண்ணுணர்வு மிக்க பிள்ளை என்று நான் சொல்வது, அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990-களில் விளக்கிய இயல்பை. அது நோய் அல்ல, பிறவிச் சுபாவம். எதையும் மனத்துக்குள் போட்டு நெடுநேரம் அசைபோடுவார்கள். சத்தமும் கூட்டமும் சீக்கிரம் தாங்காமல் போகும். அடுத்தவர் அழுதால் கண் கலங்கும். பிறர் கண்ணில் படாத சிறு மாற்றமும் இவர்கள் கண்ணில் படும். ஆரனின் கணக்கில் இவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர். பின்னால் வந்த ஆய்வுகள் 30 பேர் வரை சொல்கின்றன. ஆக என் அறையில் மூன்று நான்கு பேராவது இருந்தாக வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, வாய் திறக்காத பிள்ளையை மட்டும் தேடுவது. இந்த இயல்புள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் கூட்டத்தை விரும்பி, கலகலவென்று பேசுகிறவர்கள் என்கிறார் ஆரன். என் படிப்பகத்தின் பெரிய வாயாடிதான், பக்கத்துப் பையன் அடி வாங்கிய அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவள்.

இன்னொன்று. விலங்கு வகை என்பது உளவியல் சோதனை அல்ல. 'எனக்கு இப்போது என்ன ஆகிறது' என்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளைக்கு நாம் கடன் கொடுக்கும் ஒரு சொல், அவ்வளவுதான்.

2. இரண்டு வாரம் வெறுமனே கவனித்து எழுதுங்கள்

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகள்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, உடம்பு செய்தது, பழைய நிலைக்குத் திரும்ப ஆன நேரம். என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு:

"செவ்வாய், 5.40. போன மின்சாரம் வந்தது. டியூப்லைட் உறுமியது, பின்வரிசையில் மூன்று பேர் கூச்சலிட்டார்கள். பென்சிலைக் கீழே வைத்தாள். இடது காதைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். கணக்கை மீண்டும் எடுக்க 11 நிமிடம்."

இதில் 'பயந்தாள்' என்றோ 'அடம்பிடித்தாள்' என்றோ எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அடம், சோம்பல், பயந்தாங்கொள்ளி போன்ற சொற்கள் நோட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாம் அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்ப்பதில்லை, அந்தச் சொல்லைத்தான் பார்க்கிறோம்.

இந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, காது, கண் நான்கையும் விசாரித்துவிடுங்கள். எங்கள் பக்கம் இது மிக முக்கியம். இங்கிருந்து பல தாய்மார்கள் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு மலைப்பாதைகளில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஒற்றை அறை வீட்டில் பிள்ளையும் நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறது. மாலை ஆறுக்கு அந்தப் பிள்ளை சின்னச் சத்தத்துக்கும் சிணுங்கினால் அது நுண்ணுணர்வு அல்ல, தூக்கம். அப்படிப்பட்ட இரண்டு பேரை நான் நுண்ணுணர்வுப் பிள்ளைகள் என்று குறித்து வைத்திருந்தேன். பாய் விரித்து அரைமணி நேரம் படுக்கவிட்டதும் இருவரும் சரியானார்கள். காதைப் பொத்திக்கொண்டே இருந்த ஒருவனுக்குச் சீழ் வடிந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது அரசு மருத்துவமனை.

3. சீட்டுக்கு முன் அறையைச் சரிசெய்யுங்கள்

நோட்டில் ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதை முதலில் நீக்குங்கள். என் அறையில் அவை உறுமும் டியூப்லைட்டின் சோக், கதவோரத்து இருக்கை, வகுப்பு முடிவில் கரண்டியால் நான் தட்டும் எவர்சில்வர் தட்டு. சோக்கை மாற்றினேன். கதவோரத்தில், எது நடந்தாலும் அசராத ஒருவனை உட்கார வைத்தேன். தட்டுக்குப் பதில் கைதட்டல். பாதிக் குறிப்புகள் அதோடு நின்றன.

இதை முன்னால் செய்யக் காரணம் எளிது. நீக்கக்கூடிய தொல்லையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கிக்கொள்ளும் வித்தையைப் பிள்ளைக்குக் கற்பிப்பது நியாயம் இல்லை.

அமைதி மூலை ஒன்றும் வேண்டும். ஒரு பாய், சுவரைப் பார்த்த ஜன்னல், அவ்வளவுதான். ஆனால் முட்டிபோட வைத்த மூலையையே அமைதி மூலை ஆக்கிவிடாதீர்கள். நான் ஆக்கினேன். ஒரு மாதம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

4. விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். வெளிநாட்டுப் பட்டியல்களில் சிங்கம், நீர்நாய், ஆந்தை, டால்பின் என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நான் நிராகரித்த விலங்குகளைச் சொல்கிறேன்.

ஆந்தை: அவர்கள் பட்டியலில் அறிவாளி. நம் வீட்டில் அலறினால் அபசகுனம், பரீட்சையில் விழித்தால் 'ஆந்தை முழி'.

ஆமை: உள்ளிழுத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பொருத்தமாகத்தான் தோன்றியது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்ற பழமொழியை அந்தப் பையனின் பாட்டி சொல்லிவிட்டார். சீட்டு அன்றே அடுப்புக்குப் போனது.

தேவாங்கு: என்ன அழகான, மெதுவான, பெரிய கண் கொண்ட பிராணி! ஆனால் தமிழில் அது முழுநேர வசைச்சொல்.

காகம்: கூட்டி அழைத்து உண்ணும் குணத்துக்காக வைத்தேன். கறுப்பாக இருந்த சிறுமி ஒருத்தி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும்.

யானை: இதை நீக்கத்தான் மனம் வரவில்லை. துயரப்படும் தன் கூட்டத்து யானையைத் துதிக்கையால் தொட்டு ஆற்றும் பிராணி அது. ஆனால் 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும் வரை கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஊர் இது. யானைப் படத்தைக் கண்டதும் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை (அக்காவோடு சும்மா வந்தவள்) என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கோவையிலோ சென்னையிலோ யானை சரிப்படலாம். இங்கே முடியாது.

ஆகவே விதி இதுதான்: விலங்கின் பெயரைச் சொல்லி, "இதைச் சொல்லி யாராவது யாரையாவது திட்டுவார்களா?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒரே ஒரு கை உயர்ந்தாலும் அந்த விலங்கை விட்டுவிடுங்கள். நிறம், உடல் பருமன், சாதி, சகுனம் நான்கையும் அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள்.

எல்லைப்புறத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: "மலையாளத்தில் இதற்கு என்ன பெயர்?" வண்டிப்பெரியாறு பக்கம் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் என்னிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் தெரியாமல் விழிப்பதே அவர்களுக்கு ஒரு கூச்சம். இரண்டு பெயரையும் எழுதினால் அது தீர்ந்துவிடும். தவிட்டுக்குருவிக்கு அங்கே 'கரியிலக்கிளி', காய்ந்த இலைகளுக்குள் இரை தேடும் சிறு பறவை. என் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இப்போது அந்தப் பெயர்தான் பிடிக்கிறது.

5. ஐந்து வகைகள்

மிளா (பெரிய காட்டு மான்). சத்தத்துக்கும் கூட்டத்துக்கும். தேக்கடி ஏரிக்கரையில் படகிலிருந்து பார்த்த பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கிறார்கள். காதை விறைத்து, காலைத் தூக்கி, அசையாமல் நிற்கும். புலி வாடை வந்தால் அது போடும் குரலை மற்ற விலங்குகளும் நம்பும். பிள்ளைக்கு இதை இப்படிச் சொல்லுங்கள்: "உன் காது முன்னாலேயே கேட்டுவிடுகிறது." ஆசிரியர் செய்ய வேண்டியது, இடத்தை மாற்றுவது அல்லது சத்தத்தைக் குறைப்பது.

மரவட்டை. இதை முன்மொழிந்தவள் நான்காம் வகுப்புச் சிறுமி. ஆமை போன பிறகு உள்ளிழுத்துக்கொள்ளும் நிலைக்கு விலங்கு கிடைக்காமல் தவித்தபோது, "தொட்டால் காசு மாதிரி சுருளுமே, டீச்சர்" என்றாள். பூச்சியையா வைப்பது என்று நான் தயங்கினேன். மழை விட்ட மாலையில் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விட்டார்கள். தொட்டதும் சுருண்டது. குச்சியால் ஒருவன் நிமிண்டினான், இன்னும் இறுகியது. "விடுடா, பார்ப்போம்" என்று எல்லோரும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் ஓரமாக ஒரு கால் அசைந்தது, பிறகு ஒரு வரிசைக் கால்கள், பிறகு தலை. அந்தப் பாடத்தை என்னால் ஒரு மணி நேரம் பேசியும் நடத்தியிருக்க முடியாது. இந்தச் சீட்டு மேலே வந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. 'என்னாச்சு' என்று கேட்பதுதான் நிமிண்டுவது.

மலையணில். யோசித்து யோசித்துப் பதில் சொல்லும் பிள்ளைக்கு. ஆறு மீட்டர் வரை மரத்துக்கு மரம் தாவும் பிராணி. ஆபத்து என்றால் ஓடாமல் மரத்தோடு ஒட்டி உறைந்துவிடும். கரும்பலகை முன் உறைந்து நிற்கும் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பதில் தெரியாது என்று நினைத்து அடுத்தவனைக் கேட்பதுதான் நாம் செய்யும் பிழை. இந்தச் சீட்டு வைத்தால் கேள்வியை விட்டுவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்து அவனிடம் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் முக்கியம். மறந்தால் அடுத்த முறை அந்தச் சீட்டை அவன் எடுக்க மாட்டான்.

தவிட்டுக்குருவி. அடுத்தவர் வருத்தத்தைச் சுமக்கும் பிள்ளைக்கு. கூட்டமாகவே திரியும், ஒரு கூட்டின் குஞ்சுக்கு எல்லாமே இரை கொண்டுவரும், ஒன்று மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். காவலுக்கு முறை மாறும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "இன்றைக்கு நீ இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆசிரியர் சொல்வதற்கான சீட்டு இது.

எறும்பு. சின்ன மாற்றத்தையும் காண்பவர்களுக்கு. சட்டைக் காலர் உறுத்தல், சாப்பாட்டு வாசனை, டீச்சரின் குரலில் உள்ள சலிப்பு எல்லாம் இதில் அடங்கும். "என்ன கவனித்தாய்?" என்று கேட்டு, சொன்னதை நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

6. சீட்டு தயாரித்தல்

பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். கனமாக இருக்கும், செலவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தும் வேண்டும். ஐந்தையும் ஒரு நூலில் கோத்தால் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்கும்.

முன்பக்கம் படம், பிள்ளையே வரைந்தது. பின்பக்கம் ஒரே வாக்கியம்: 'எனக்கு இப்போது வேண்டியது...' மீதியைப் பிள்ளை எழுதட்டும். வகைக்கு ஒரு நிறம் கொடுக்காதீர்கள். தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சீட்டின் மீது பிள்ளையின் பெயரும் வேண்டாம். பெயரும் விலங்கும் ஒரே தாளில் சேர்ந்தால் அது பட்டப்பெயர்.

இவற்றை முதலில் 'அட்டை' என்றுதான் அழைத்தேன். மலைப்பக்கம் அட்டை என்றால் காலைக் கடித்து இரத்தம் குடிப்பது. வகுப்பே சிரித்து உருண்டது. 'சீட்டு' என்று மாற்றினேன். படிப்பகத்தில் சீட்டாட்டம் நடக்கிறது என்று வீடுகளில் பேச்சு வந்தது. இதற்கு மேல் மாற்ற எனக்குத் தெம்பு இல்லை.

7. எல்லோருக்கும் அறிமுகம் செய்யுங்கள்

தேவைப்படும் நான்கு பேரை மட்டும் தனியே கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. 22 பேருக்கும் கொடுங்கள். அசராத பிள்ளைக்கும் காய்ச்சல் நாளில் மரவட்டை தேவைப்படும்.

முதல் நாள் விலங்குகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். இரண்டாம் நாள் ஆசிரியர் தன் சீட்டை வையுங்கள். நான் தலைவலியோடு வந்த நாளில் மிளாவை மேசை மீது வைத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வகுப்பு கிசுகிசுப்பாகவே நடந்தது. மூன்றாம் நாள்தான் அவர்கள் முறை.

'நீ எந்த விலங்கு?' என்று கேட்காதீர்கள். 'இப்போது எது?' என்று கேளுங்கள். பிள்ளை காலையில் எறும்பாகவும் மாலையில் மலையணிலாகவும் இருக்கலாம். நண்பனுக்கு நண்பன் விலங்கு தேர்ந்து கொடுக்கும் விளையாட்டை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகளின் பெயர்களை விலங்குப் படங்களின் கீழ் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வருஷம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் அந்தத் தாளுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

8. தினசரிப் பயன்பாடு

சீட்டு மேசை ஓரத்தில், படம் மேலே தெரிய. ஆசிரியர் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், பார்த்ததற்கு அடையாளமாகச் சீட்டை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் வாரத்தில் ஒரு சீட்டைப் பார்க்காமல் விட்டாலும் மொத்தக் கட்டும் பெட்டிக்குள் போய்விடும், வெளியே வராது.

அமைதி மூலைக்கு ஐந்து நிமிடம். வேண்டுமானால் இன்னொரு ஐந்து. அதன்பின் இருந்த வேலைக்கே திரும்ப வேண்டும், வேலை காணாமல் போய்விடக் கூடாது. அப்படிப் போய்விட்டால், தப்பிக்கும் வழி என்று பழகிவிடும், பயமும் வளரும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நாள் தவறாமல் 6.15-க்கு மரவட்டையை வைத்தான். ஏய்க்கிறான் என்றே முடிவு செய்தேன். நோட்டைப் புரட்டினால், 6.15 என்பது வாய்ப்பாடு உரக்கச் சொல்லும் நேரம். அவனை எழுதிக் காட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் மரவட்டை நின்றது. உண்மையிலேயே ஏய்த்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இரண்டு வாரத்தில் சலித்துவிடுவார்கள், அதற்காகச் சட்டம் போட வேண்டியதில்லை.

9. வீட்டுக்குச் சொல்வது

ஜீப் வந்து நிற்கும் நேரத்தில், இறங்கும் தாயிடம் நின்றபடியே சொல்லும்படி ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: "அக்கா, உங்கள் பிள்ளைக்குக் காது கூர்மை, மனசும் கூர்மை, அதற்கு ஏற்ற மாதிரி இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன்." உளவியல், குறைபாடு, சென்சிடிவ் எதுவும் வேண்டாம். அந்தச் சொற்களில் ஒன்றைக் கேட்ட ஒரு தாய் மறுநாள் பிள்ளையைக் கயிறு மந்திரிக்க அழைத்துப் போனார். தவறு என்னுடையது.

ஆண் பிள்ளைகளின் அப்பாக்களிடம் கூடுதல் பொறுமை வேண்டும். 'பொம்பளைப் பிள்ளை மாதிரி அழுகிறான்' என்பதை மறுத்து வாதிடாதீர்கள். அவன் கவனித்துச் சொன்ன ஒன்றைச் சொல்லுங்கள். கிணற்று மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது என்று முதலில் சொன்னது இந்தப் பையன்தானே என்று ஒருவரிடம் நினைவூட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

10. சீட்டு போதாத இடம்

சாப்பாடு, தூக்கம் இரண்டும் வாரக்கணக்கில் குறைவது, பள்ளிக்கே போக மறுப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் சுருள்வது: இவை சுபாவம் அல்ல. அந்த நிலையில் சீட்டை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகளுக்கான 1098-ஐ அழையுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். பிள்ளையைத் துருவித் துருவி நீங்களே விசாரிக்க வேண்டாம்.

11. ஆண்டு முடிவில்

அடுத்த ஆசிரியரிடம் என்ன கொடுப்பது என்பதில் கவனம் தேவை. கவனிப்பு நோட்டில் பெயர் உள்ள பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். 'இவன் மரவட்டை' என்று கைமாற்றினால் ஆமைப் பையன் கதைதான் மறுபடியும். கொடுக்க வேண்டியது ஏற்பாடுகளின் பட்டியல் மட்டும்: கதவோரம் யார் உட்காரக் கூடாது, யாரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வர வேண்டும், சோக் எப்போது மாற்றியது. சீட்டுக் கட்டைப் பிள்ளையே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். இந்த ஆண்டு ஒருத்தி நூலை அவிழ்த்து நான்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரியிலக்கிளியை மட்டும் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.